எந்த ஊரில் வரி குறைவு? என் வரவு செலவு நோட்டு சொன்ன பதில்

2025-ஆம் வருஷம், வைகாசி மாதம். செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் இருக்கும் என் அம்மாவின் மாந்தோப்பில் குடும்பம் முழுவதும் கூடியிருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே, காட்டழகர் கோவிலுக்குப் போகிற வழிப்பக்கம்தான் எங்கள் தோப்பு. கயிற்றுக் கட்டிலில் அம்மா, சாக்கு விரித்து நாங்கள், நடுவே கூடை நிறையச் சப்பட்டை மாம்பழம். பேச்சு மட்டும் இனிப்பாக இல்லை.

விஷயம் இதுதான். என் கணவர் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலையில் இருந்தார். ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு கொடுத்து, கையில் ஒரு தொகையும் கொடுத்தார்கள். இனி எங்கே குடியிருப்பது? பதினெட்டு வருஷமாக வாடகைக்கு இருந்த பெங்களூரிலேயே ஒரு ஃபிளாட் வாங்குவதா? அக்கா இருக்கும் புனலூரில் வீடு பார்ப்பதா? அல்லது பிறந்த ஊரான ராஜபாளையத்துக்கே திரும்பி விடுவதா? ஃபிளாட் என்றால் கையில் இருக்கும் பணம் போதாது. அதற்கும் அம்மா ஒரு வழி வைத்திருந்தாள்.

"தோப்பை வித்துத் தாரேன். எனக்கப்புறம் யாரு இதைப் பாக்கப் போறா? நீங்க நல்லா இருந்தாப் போதும்" என்றாள்.

அப்பா வைத்து வளர்த்த மரங்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. இவரோ, "எல்லா ஊர் வரியையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டு முடிவு செய்வோம் அத்தை. கர்நாடகாவுல பத்திரச் செலவு கம்மி. தமிழ்நாட்டுல ஒம்பது சதவிகிதமாம்" என்றார். புனலூர் அத்தான் சிரித்தார். "எங்க ஊருல பத்து. ஆனா ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் வந்து பாருங்க சகலை, கட்டின வரி திரும்பி வர்றது தெரியும்" என்றார். அண்ணனோ, "சொந்த ஊரை விட்டுட்டு என்ன கணக்கு மாப்பிள்ளை?" என்று கோபித்துக்கொண்டான்.

அன்று இரவே என் வரவு செலவு நோட்டில் புதிதாக ஒரு பக்கம் திறந்தேன். நான் பிளஸ் டூ வரை படித்தவள். கணக்கில் அப்படி ஒன்றும் புலி இல்லை. ஆனால் சகோதரிகளே, இது ஆடிட்டர் கணக்கு அல்ல, அடுப்படிக் கணக்குதான். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

எங்கே போனாலும் மாறாதவை

முதலில் எல்லா மாநிலத்துக்கும் பொதுவான வரிகளை ஒதுக்கி வைத்தேன். வருமான வரி மத்திய அரசினுடையது. பெங்களூரில் இருந்தாலும் ராஜபாளையத்தில் இருந்தாலும் ஒன்றுதான். 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு சோப்பு, மிக்ஸி, துணிமணி போன்றவற்றுக்கும் நாடு முழுவதும் ஒரே விகிதம்.

முன்பு அப்படி இல்லை. பொது விற்பனை வரி என்பதையே 1939-இல் ராஜாஜி ஆட்சியில் நம் சென்னை மாகாணம்தான் கொண்டு வந்தது. பிறகு ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு விகிதம் வைத்துக்கொண்டது. செண்பகத்தோப்பில் நின்று பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. ஆனால் ரோட்டில் போக வேண்டுமென்றால் தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு என்று சுற்ற வேண்டும். அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஆரியங்காவு சோதனைச் சாவடியில் விற்பனை வரிக்காக லாரிகள் வரிசையாக நின்ற காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜி.எஸ்.டி.க்குப் பிறகு அந்த வரிசை போயிற்று. "அந்த ஊரில் சாமான் மலிவு" என்ற பேச்சில் வரியின் பங்கும் பெரும்பாலும் போயிற்று.

அப்படியானால் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது எது? நோட்டில் மூன்று பத்தி போட்டேன். ஒரு தடவை கட்டுவது, வருஷா வருஷம் கட்டுவது, தினம் தினம் கட்டுவது.

ஒரு தடவை கட்டுவது

இங்கேதான் இவர் சொன்ன சதவிகிதம் வருகிறது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் வீடு, மனை வாங்கினால் முத்திரைத்தாள் செலவு 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவிகிதம். கேரளாவில் 8-ம் 2-ம் சேர்ந்து 10. கர்நாடகாவில் நாங்கள் பார்த்த விலையில் முத்திரைத்தாள் 5. நகரத்தில் அதன் மேல் செஸ், சர்சார்ஜ் எல்லாம் சேர்த்து 5.6. பதிவுக் கட்டணம் 1. மொத்தம் 6.6. இவர் சொன்னது சரிதான், பெங்களூர்தான் குறைவு!

ஆனால் எதில் சதவிகிதம்? நாங்கள் பார்த்த ஃபிளாட் 70 லட்சம். அதில் 6.6 சதவிகிதம் என்றால் 4,62,000 ரூபாய். ராஜபாளையத்தில் அண்ணன் பார்த்து வைத்திருந்த மனை 9 லட்சம். அதில் 9 சதவிகிதம் என்றால் 81,000. சதவிகிதம் குறைந்த ஊரில் பணம் ஐந்தரை மடங்கு! மனை வேறு, ஃபிளாட் வேறு என்பீர்கள். நியாயம்தான். மனையில் வீடு கட்டச் செலவு இருக்கிறது. சிமெண்டுக்கும் கம்பிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. ஆனால் கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்கும் அந்த விலையில் 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். 70 லட்சத்துக்கு அது மட்டும் மூன்றரை லட்சம். சதவிகிதத்தை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பத்திரச் செலவைக் கணக்கிடும்போது அரசின் வழிகாட்டி மதிப்பு, நாம் எழுதும் விலை, இரண்டில் எது அதிகமோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் நடந்ததையே பாருங்கள். 2017 ஜூனுக்கு முன் ஒரு மனையின் வழிகாட்டி மதிப்பு 9 லட்சம், செலவு 8 சதவிகிதம் என்றால் 72,000. அந்த ஜூனில் மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 ஆக்கினார்கள். 6 லட்சத்துக்கு 11 சதவிகிதம், 66,000. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 9 லட்சத்துக்கு 9 சதவிகிதம், 81,000. சதவிகிதம் பதினொன்றிலிருந்து ஒன்பதாகக் குறைந்தது, கட்ட வேண்டிய பணம் ஏறியது! ஆகையால் "எத்தனை சதவிகிதம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்த மதிப்பில்?" என்றும் கேளுங்கள். கேரளாவிலும் 2023 ஏப்ரலில் நிலத்தின் நியாய மதிப்பை 20 சதவிகிதம் உயர்த்தியதாக அத்தான் சொன்னார்.

நமக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைவு. எங்கள் 9 லட்ச மனைக்கு அது 9,000 ரூபாய். "பேரை யார் பேர்ல போடறது?" என்று இவரிடம் கேட்டேன். "அதான் அரசாங்கமே சொல்லிடுச்சே!" என்று சிரித்தார்.

ஒரு தடவைச் செலவில் நாங்கள் மறந்தே போனது கார். கர்நாடகப் பதிவு எண். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். பழைய ஆர்.டி.ஓ. ஆபீசில் தடையில்லாச் சான்று வாங்கி, புது மாநிலத்தில் வரி கட்டி, பிறகு பழைய மாநிலத்தில் கட்டியதில் மிச்சக் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்க வேண்டும். "அப்படியே ஓட்டிக்கலாம், யாரு கேக்கப் போறா?" என்றார் இவர். நான் விடவில்லை. நடு ரோட்டில் நிறுத்தி அபராதம் போட்டால் அந்தப் பணம் என் நோட்டில்தானே எழுதப்படும்?

வருஷா வருஷம் கட்டுவது

தொழில் வரி என்று ஒன்று. சில மாநிலங்களில் உண்டு, டெல்லி போன்ற இடங்களில் இல்லவே இல்லை. ஆனால் எந்த மாநிலமும் ஒருவரிடம் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1988-இல் திருத்தி வைத்த உச்சவரம்பு அது. இதற்காக ஊர் மாறுவது கொசுவுக்குப் பயந்து வீட்டை விற்ற கதைதான்.

சொத்து வரி அப்படி அல்ல. தமிழ்நாட்டு நகராட்சிகளில் 2022 ஏப்ரலில் வீட்டின் பரப்பைப் பார்த்து உயர்த்தினார்கள். 600 சதுர அடி வரை கால் பங்கு, 1,200 வரை பாதி, 1,800 வரை முக்கால், அதற்கு மேல் இரு மடங்கு. பெரிய வீடு கட்டும் ஆசையில் இருந்த இவருக்கு இதைக் காட்டினேன். 1,150 சதுர அடியில் திட்டம் நின்றது. இன்னொன்று, அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிட்டால் 5 சதவிகிதம் தள்ளுபடி உண்டு. காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளாவில் ஊராட்சி, நகராட்சி வாங்கும் கட்டட வரி தவிர, புது வீடு கட்டினால் வருவாய்த் துறைக்கு ஒரு தடவை வரி தனியாக உண்டு. வீடு 3,000 சதுர அடி அளவைத் தாண்டினால் வருஷா வருஷம் ஆடம்பர வரியும் உண்டு. வாடகைக்கு இருப்பவர்கள் "நமக்கென்ன சொத்து வரி?" என்று இருந்துவிட வேண்டாம். அது வாடகைக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கிறது.

தினம் தினம் கட்டுவது

பெட்ரோல் ஜி.எஸ்.டி.யில் சேரவில்லை. அதனால் மாநில வரி இதில்தான் நன்றாகத் தெரியும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரளா 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டது. கர்நாடகா 2024 ஜூனில் சுமார் 3 ரூபாய் ஏற்றியது. நாங்கள் மாதம் 40 லிட்டர் போடுகிறோம். 3 ரூபாய் வித்தியாசம் என்றால் மாதம் 120, வருஷத்துக்கு 1,440. கவனிக்க வேண்டியதுதான், ஆனால் வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது இல்லை.

அரசு கொடுப்பதையும் எதிர்ப்பக்கத்தில் எழுதினேன். தமிழ்நாட்டில் 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றார்கள். கர்நாடகாவில் 2023 ஜூனில் அதைப் போல வந்தது. கரண்டுக்குத் தமிழ்நாட்டில் 2016-இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றார்கள். கர்நாடகாவில் 2023 ஜூலையில் மாதம் 200 யூனிட் வரை என்றார்கள்.

எந்த அரசுக்கும் கட்டாத வரி

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டியபோது ஒரு பக்கம் என்னைத் தடுத்து நிறுத்தியது. 2024 கோடை. பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்ததே, அந்த மாதங்கள். "லாரித் தண்ணீர்" என்று நான் எழுதி வைத்திருந்த தொகை, எங்கள் குடும்பத்தின் பங்காக மட்டும் இரண்டு மாதத்தில் 5,400 ரூபாய். அதற்கு எந்த மாநிலத்தின் வரிப் பட்டியலிலும் இடம் இல்லை. ஆனால் கட்டினேனே! அதற்குக் கீழே ஸ்கூல் வேன், தனியார் ஆஸ்பத்திரி. எல்லாமே வரிப் பணத்தில் கிடைத்திருந்தால் நாம் தனியாகச் செலவழிக்க வேண்டியிராதவை.

அத்தான் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. எவ்வளவு கட்டுகிறோம் என்பது பாதிக் கணக்கு. கட்டியதற்கு வாசலில் என்ன வந்து சேருகிறது என்பது மறுபாதி.

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகளும் இதையேதான் சொன்னாள். கலிபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்குக் குடி மாறியவள். "டெக்சாஸ்ல மாநில வருமான வரியே கிடையாதுன்னு ஆசையா வந்தோம் அக்கா. வீடு வாங்கினப்புறம் சொத்து வரி நோட்டீஸைப் பாத்துத் தலை சுத்திடுச்சு" என்றாள். ஒரு பையில் கை வைக்காத அரசு இன்னொரு பையில் கை வைக்கும். எந்தப் பை நம்முடையது என்று பார்ப்பதுதான் நம் வேலை. வாடகைக்கு இருப்பவருக்கு ஒரு பை, வீடு வாங்குபவருக்கு ஒரு பை, தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இன்னொரு பை.

நாங்கள் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே, 2025 ஆகஸ்ட் 31-ந் தேதி முதல் கர்நாடகாவில் பதிவுக் கட்டணம் 1-லிருந்து 2 சதவிகிதம் ஆனது. எங்கள் 70 லட்ச ஃபிளாட்டுக்கு அது மட்டும் 70,000 ரூபாய் கூடுதல். இவர் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "வரி இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. அதை நம்பி ஊரை முடிவு பண்ண முடியாது போல."

தோப்பு என்ன ஆயிற்று?

அதைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். தோப்பை விற்கச் சொன்னவர்கள் முன்வைத்த காரணமும் வரிதான். கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் லாபத்துக்கு மத்திய அரசின் வரி இல்லை. நகராட்சி எல்லையிலிருந்து தூரம் பார்ப்பார்கள். ஜனத்தொகை ஒரு லட்சம் வரை உள்ள ஊர் என்றால் 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. அந்தத் தூரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். விற்கிறவர்கள் ஆடிட்டரைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. எங்கள் தோப்பு வெளியேதான் இருக்கிறது. "வரியே இல்லாத பணம்!" என்று பேசிக்கொண்டார்கள். வரி இல்லை என்பதற்காக விற்க வேண்டுமா? எனக்கு மனசு கேட்கவில்லை.

புரட்டாசியில் மறுபடியும் தோப்புக்குப் போனேன். அம்மாவிடம் நோட்டைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தாள். அதில் அத்தனையும் தீர்வை ரசீது. அப்பா கட்டியது, அப்பாவுக்குப் பிறகு அவள் கட்டியது.

"ஒரு வருஷம் மழையே இல்ல. தீர்வை கட்டவும் தண்ணி விடவும் என் கம்மலை வச்சுத்தான் உங்கப்பா பணம் பொரட்டினாரு. அப்பவும் ஒரு மரத்தை வெட்ட விடலை" என்றாள். சொல்லும்போது அவள் கண் தோப்பின் மேல்தான் இருந்தது. மரக்கிளையில் பெரிய சாம்பல் அணில் ஒன்று வால் தொங்க உட்கார்ந்திருந்தது. அந்த அணிலுக்காகத்தான் 1988-இல் இங்கே சரணாலயமே வந்தது. காய்க் காலத்தில் பாதி பழத்தை அதுதான் தின்னும். "அதை வெரட்டாத. மலைக்கு நாம கட்டுற தீர்வை அது" என்றாள் அம்மா.

விற்க மனசில்லாமல்தான் விற்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தோப்பை விற்கவில்லை. ஓய்வுத் தொகைக்குள் அடங்கும்படி ராஜபாளையத்து மனையை என் பெயரில் பதிந்தோம். மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வரை பெங்களூரில் வாடகைக்கே இருப்பது, பிறகு ஊருக்குப் போவது என்று முடிவு செய்தோம். அவள் வெளிமாநிலத்தில் படித்ததால் இங்கே காலேஜ் கவுன்சலிங்குக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் வேண்டும். அதற்கும் முன்கூட்டியே எழுதிப் போட்டோம். ராஜபாளையம் மில்களில் இவருக்குச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அதையும் மறைக்காமல் நோட்டில் எழுதியிருக்கிறேன். ஆனால் அம்மா தனியாக இருக்க மாட்டாள். அந்த வரிசையில் எண் எதுவும் போட எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் இட மாற்றம், ஓய்வு, புது வீடு என்று பேச்சு வரலாம். "அங்கே வரி கம்மி" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். ஒரு வருஷத்து வீட்டுக் கணக்கை எடுத்து, நான் சொன்ன மூன்று பத்தியைப் போடுங்கள். நான்காவதாக, வரியில் கிடைக்காமல் நீங்களே பணம் கொடுத்து வாங்குவதை எழுதுங்கள். விகிதங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், பத்திரம் போடும் வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். மனை வாங்குவது உங்கள் பெயரில் என்றால், அந்த ஒரு சதவிகிதத்தைக் கேட்டு வாங்க மறந்துவிடாதீர்கள்!